முல்லா சாப்புக்கு ஒரு பூசை

டிசம்பர் 9ஆம் தேதி காலைப் பூசைக்கு உவரியில் கூட்டமே இருக்காது. முந்தின நாள் அமலோற்பவ மாதா திருநாள். ஊர் அந்தக் களைப்பில் கிடக்கும். கடலுக்குப் போகிறவர்கள் அதற்கு முன்பே வள்ளத்தைத் தள்ளியிருப்பார்கள். முன்வரிசையில் நாலைந்து பாட்டிமார், கடைசி பெஞ்சில் சலவைச் சட்டையில் என் பெரியப்பா. அன்றைக்கு யார் யாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று உபதேசியார் வாசிப்பார். அந்தோணியார் ஊர் என்பதால் பட்டியலில் எப்படியும் இரண்டு அந்தோணி, ஒரு அந்தோணியம்மாள் இருப்பார்கள். அவர்களைத் தாண்டியதும் உபதேசியார் கண்ணாடியைச் சரிசெய்துகொள்வார். "மகேந்திர... நாத்... முல்லா."

பாட்டிமாரில் ஒருத்தி திரும்பிப் பார்ப்பாள். இன்னொருத்தி அவள் காதில், "நேவிக்காரரு குடுத்த பூச" என்பாள். அவ்வளவுதான். பெரியப்பா 2019இல் இறக்கும்வரை வருடம் தவறாமல் நடந்தது இது.

சின்ன வயதில் எனக்கு முல்லா என்றால் கழுதைமேல் திரும்பி உட்கார்ந்து போகிற கதை முல்லாதான். பெரியம்மாவுக்கு வேறு சந்தேகம். பூசைக்குப் பணம் கேட்கும்போதெல்லாம் இந்தப் பேச்சு வரும்.

"அந்த பாய்க்கு நாம பூச குடுத்தா அவிய வீட்டுல ஒண்ணும் நெனைக்க மாட்டாவளா?"

"ஏட்டி, அவரு பாய் இல்ல. காஷ்மீர் பண்டிட்டு."

"பண்டிட்டுன்னா?"

"நம்ம பக்கத்து ஐயருமாரு மாதிரி."

"ஐயருக்கு எதுக்கு முல்லான்னு பேரு?"

பெரியப்பாவுக்கே அதற்குப் பதில் தெரியாது. "அதெல்லாம் மாதாவுக்குத் தெரியும். நீ ரூவாய எடு" என்பார்.

நான் இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் ஒரு பிளக்ஸ். போன மாதம் பக்கத்து ஊர் முக்கில் அதைப் பார்த்தேன். எங்கோ எல்லையில் உயிர்விட்ட ஒரு ராணுவ அதிகாரிக்கு வீரவணக்கம். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. அதில் அந்த அதிகாரியின் முகம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. வணக்கம் செலுத்துகிறவர்களின் முகங்கள் அண்டா அளவுக்கு. அவர் எந்தப் படைப்பிரிவு, எங்கே இறந்தார், அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தார் என்று ஒரு வரி கிடையாது. அந்தக் காலத்து நடுகல்லில் கூட, இன்ன ஊர் மாட்டை மீட்கப் போய் இன்னான் பட்டான் என்று செதுக்கியிருப்பார்கள். கல்லில் எழுதுவது கஷ்டம். ஆனாலும் அதை எழுதினார்கள். பிளக்ஸில் எழுத ஒரு கஷ்டமும் இல்லை.

சரி, முல்லாவுக்கு வருகிறேன்.

கேப்டன் மகேந்திரநாத் முல்லா 1926 மே 15 அன்று உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூரில் பிறந்தவர். 1948இல் கடற்படை அதிகாரியானார். 1971 போரின்போது ஐஎன்எஸ் குக்ரி என்ற போர்க்கப்பலின் தலைவர். அந்தக் கப்பல் சேர்ந்திருந்த 14ஆவது ஃபிரிகேட் (நடுத்தரப் போர்க்கப்பல்) பிரிவுக்கும் அவரே தலைவர். வயது 45. குக்ரியோடு கிர்பான், குத்தார் என்று இன்னும் இரண்டு கப்பல்கள் உண்டு. மூன்றும் ஆயுதங்களின் பெயர்கள். மூன்றும் 1950களில் பிரிட்டனில் கட்டப்பட்ட ஒரே அச்சுக் கப்பல்கள். நீர்மூழ்கிகளைத் தேடிப்பிடிப்பதுதான் அவற்றின் வேலை.

பெரியப்பா அந்தக் கப்பல்களில் எதிலும் இருந்ததில்லை. முல்லாவை நேரில் பார்த்ததும் இல்லை. 1964இல், 17 வயதில், விசாகப்பட்டினத்தில் சர்க்கார்ஸ் என்ற பயிற்சித் தளத்தில் சேர்ந்தவர். வீட்டில் எல்லாரும் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனார்கள். இவர் மீன் வறுக்கப் போனார். ஆமாம், சமையல் பிரிவு. கப்பலில் சமையற்கட்டுக்கு 'கேலி' என்று பெயர். "நான் பதினஞ்சு வருசம் கேலியில இருந்தேன்" என்று அவர் சொல்லும்போது, பாவம் இவரை எல்லாரும் கிண்டல் செய்திருக்கிறார்கள் போல என்று நான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1971 டிசம்பரில் அவர் பம்பாயில் கரையில் ஒரு மெஸ்ஸில் இருந்தார். ஊரே இருட்டு. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் தாள் ஒட்டி, அடுப்பு வெளிச்சம்கூட வெளியே தெரியாமல் சமைத்தார்களாம். டிசம்பர் 3 போர் தொடங்கியது. 4ஆம் தேதி இரவு நம் ஏவுகணைப் படகுகள் கராச்சித் துறைமுகத்துக்குப் போய் அடித்துவிட்டு வந்தன. அதன் நினைவாகத்தான் இன்றைக்கும் டிசம்பர் 4 கடற்படை தினம். அந்த இரண்டு நாளும் மெஸ்ஸில் திருவிழாதான் என்பார். அடுத்த வாரமே அந்த மெஸ்ஸில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

குஜராத் கரையோரமுள்ள டையூவுக்குத் தென்மேற்கே ஒரு பாகிஸ்தான் நீர்மூழ்கி நடமாடுகிறது என்று தெரிந்து, அதைத் தேட இந்தப் பிரிவை அனுப்பினார்கள். குத்தார் இயந்திரக் கோளாறால் போக முடியவில்லை. குக்ரியும் கிர்பானும் போயின. அங்கே இருந்தது பிஎன்எஸ் ஹாங்கோர். பிரான்சு வடிவமைத்த, அந்தக் காலத்துக்குப் புத்தம்புது ரகம். தேடப் போனவர்களைத் தேடப்பட்டவன் முதலிலேயே கேட்டுவிட்டான். கேட்டுவிட்டான் என்றுதான் சொல்லவேண்டும், ஏனென்றால் தண்ணீருக்கடியில் கண்ணுக்கு வேலை இல்லை. எல்லாம் காதுதான். சோனார் என்கிற கருவி ஒலியை அனுப்பி அது மோதித் திரும்புவதைக் கேட்கிறது. அல்லது சும்மா இருந்து எதிரியின் எந்திரச் சத்தத்தைக் கேட்கிறது. எவன் காது நீளமோ அவன் பிழைத்தான். ஹாங்கோரின் காது நீளம்.

டிசம்பர் 9 இரவு எட்டே முக்கால், ஒன்பது மணிவாக்கில் ஹாங்கோர் விட்ட முதல் டார்பிடோ, அதாவது தண்ணீருக்கடியில் பாய்ந்து போகிற குண்டு, கிர்பானை நோக்கிப் போனது, வெடிக்கவில்லை. இரண்டாவது குக்ரியை அடித்தது. கப்பல் சில நிமிடங்களில் மூழ்கிவிட்டது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள், ஆக 194 பேர். தப்பியவர்கள் 67 பேர். மறுநாள் ஐஎன்எஸ் கச்சல் வந்து தண்ணீரிலிருந்து எடுத்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்ட முதல் போர்க்கப்பல் அது.

பெரியப்பா இந்த எண்ணிக்கையைத் தட்டுகளாகத்தான் சொல்வார். "ஒரு கப்பல்ல எத்தன பேருன்னு குக்குகிட்ட கேக்காத. எத்தன தட்டுன்னு கேளு. எரநூத்தி அறுவத்தொண்ணு தட்டுல. மறுநா அறுவத்தேழு." சர்க்கார்ஸில் அவரோடு ஒன்றாக உருளைக்கிழங்கு உரித்த ஒரு கூட்டாளி அந்த 194இல் உண்டு. அந்தக் கூட்டாளியைப் பற்றி மட்டும் அவர் அதிகம் பேசியதில்லை. முல்லாவைப் பற்றித்தான் பேசுவார்.

முல்லா என்ன செய்தார் என்பது அவருக்குக் கொடுக்கப்பட்ட மகாவீர் சக்கரத்தின் சான்றுரையில் இருக்கிறது. கப்பல் பிழைக்காது என்று தெரிந்ததும் எல்லாரையும் வெளியேறச் சொன்னார். பதறாமல் நின்று ஆட்களை இறக்கினார். தன்னுடைய உயிர்காக்கும் உடுப்பை ஒரு மாலுமியிடம் கொடுத்துவிட்டார். முடிந்த மட்டும் ஆட்களை அனுப்பிய பிறகு, இன்னும் யாரையாவது காப்பாற்ற வழி உண்டா என்று பார்க்க, கப்பலைச் செலுத்தும் மேல்தளமான பிரிட்ஜுக்குத் திரும்பிப் போனார். கப்பலோடு அவர் மூழ்குவதைத்தான் கடைசியாகப் பார்த்தார்கள்.

ஊர் உலகத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது கடைசிப் பகுதியை வேறு மாதிரிச் சொல்வார்கள். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, சிகரெட் பற்றவைத்துக்கொண்டு, கப்பலோடு போவதுதான் கப்பல் தலைவனுக்கு மரபு என்று சாவை வரவேற்றார் என்பதுபோல. கேட்க நன்றாகத்தான் இருக்கும். பெரியப்பாவுக்கு அந்தப் பாணி அறவே ஆகாது. இந்தியக் கடற்படையில் அப்படி ஒரு விதி கிடையாது, கப்பல் போனால் தலைவனும் போகவேண்டும் என்று எவனும் எழுதிவைக்கவில்லை என்று கத்துவார். "அவரு சாவப் போவலல. ஆள் இருக்கானான்னு பாக்கப் போனாரு. நேரம் பத்தல." எனக்கும் இது சரியென்றுதான் படுகிறது. சான்றுரையும் அதைத்தான் சொல்கிறது. அவர் கடைசி நிமிடம் வரை வேலையில் இருந்திருக்கிறார். நாம்தான் அவரை நாற்காலியில் உட்காரவைத்துப் படம் பிடிக்க ஆசைப்படுகிறோம்.

எங்கள் கரையில் இதைப் புரிந்துகொள்ளப் பெரிய விளக்கம் தேவையில்லை. தூத்துக்குடித் தோணிகளில் தலைவனுக்குத் தண்டல் என்று பெயர். தோணிக்குள் தண்ணீர் ஏறினால் தண்டல் என்ன செய்வான்? முதலில் தலையை எண்ணுவான். சமையற்காரப் பையன் எங்கே என்று கேட்பான், ஏனென்றால் அவன்தான் எப்போதும் சின்னவன், எப்போதும் கீழே இருப்பவன். பெரியப்பா இந்த இடத்துக்கு வரும்போது குரல் மாறும். முல்லா உடுப்பைக் கொடுத்தது "ஒரு மாலுமிக்கு" என்றுதானே எழுதியிருக்கிறது, அவன் பெயர் இல்லையே, அவன் ஏன் ஒரு குக்காக இருக்கக்கூடாது என்பார். அதற்கு ஆதாரம் ஏதும் கிடையாது; அவருக்கும் தெரியும். ஆனால் பதினைந்து வருடம் அதிகாரிகளின் சாப்பாட்டு அறைக்குத் தட்டு அனுப்பியவருக்கு, அந்த அறைக்கும் கேலிக்கும் எத்தனை படிக்கட்டு, எத்தனை சல்யூட் என்று தெரியும். கப்பலில் எல்லாருக்கும் மேலே இருந்தவன் தன் உடம்பிலிருந்து கழற்றி, பெயர்கூடத் தெரியாத கீழ்த்தட்டுக்காரன் ஒருவனிடம் நீட்டியிருக்கிறான். அந்தக் கை நீண்டதற்குத்தான் பூசை.

கல்லூரி நாட்களில் இதில் எனக்கும் அவருக்கும் சண்டை வரும். நான் கொஞ்சம் படித்துவிட்டு வந்து கேட்பேன்: காது குறைந்த பழைய கப்பல்கள் இரண்டை, காது நீண்ட புதிய நீர்மூழ்கிமேல் ஏன் அனுப்பினார்கள்? குக்ரியின் சோனாரில் அப்போது புதிதாக ஒரு சோதனைக் கருவியைப் பொருத்தியிருந்தார்கள். எட்டும் தூரத்தைக் கூட்டுவதற்காக. அது ஒழுங்காக வேலைசெய்ய வேண்டுமென்றால் கப்பல் மெதுவாகப் போகவேண்டும். நீர்மூழ்கி காத்திருக்கிற கடலில் பன்னிரண்டு நாட் (மணிக்குச் சுமார் 22 கிலோமீட்டர்) வேகத்தில் போவது, கச்சான் காற்றில் பாயை இறக்கிவிட்டு நிற்கிற மாதிரி இல்லையா? அப்படியானால் இதில் முல்லாவின் முடிவுக்கும் பங்கு உண்டுதானே?

முதல் தடவை பெரியப்பா பேசவே இல்லை. எழுந்துபோய் சாளைக் குழம்பைக் கிண்டினார். பிறகு ஒருநாள் அவரே ஆரம்பித்தார். "நீ கேட்டது சரிதாம்ல. கேக்கத்தான் வேணும். அத்தன பேரு போயிருக்கான்லா. ஆனா ஒம்பதாம் தேதி கேக்காத. பத்தாம் தேதி கேளு."

நானும் அதன்படியே வருடத்தில் 364 நாள் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போரைப் பற்றி எழுதும் கடற்படை ஆட்களே அந்த வேகத்தைப் பற்றி இன்னும் விவாதிக்கிறார்கள். மரியாதை கொடுப்பதற்காக அந்தக் கேள்வியை மூடிவைத்தால், அடுத்த கப்பலில் போகிறவனுக்குத்தான் நட்டம்.

எங்கள் ஊரில் உடம்பு கிடைக்காமல் போனவர்கள் நிறைய. கடலுக்குப் போனவன் திரும்பவில்லை என்றால் சட்டப்படி ஏழு வருடம் அவன் சாகவும் இல்லை, இருக்கவும் இல்லை. பெண்டாட்டி தாலியோடு இருப்பாள். ரேஷன் கார்டில் பெயர் இருக்கும். நவம்பர் 2 கல்லறைத் திருநாளன்று எல்லா வீட்டாரும் கல்லறைக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் கொண்டுபோவார்கள். கல்லறை இல்லாத வீட்டார் எங்கே போவது? என் பாட்டி தன் தம்பிக்காக கடற்கரைக் குருசடியின் அடியில் மணலைக் குழித்து மெழுகுவர்த்தி வைப்பாள். காற்று அணைக்கும், திரும்பப் பற்றவைப்பாள், தீப்பெட்டி தீரும்வரை. 1971 டிசம்பருக்குப் பிறகு கோரக்பூரிலும், பிகாரிலும், கேரளத்திலும், நம் பக்கத்திலும் எத்தனை வீடுகளில் இப்படித் தீப்பெட்டி தீர்ந்ததோ. முல்லாவுக்கும் கல்லறை கிடையாது. அதனால்தான் பெரியப்பா பூசை கொடுத்தார் என்று நினைக்கிறேன். எங்கள் ஊர் வழக்கத்தில் கல்லறை இல்லாதவனுக்குக் கொடுக்க அது ஒன்றுதான் உண்டு.

பெரியப்பா ஓய்வுபெற்று வந்து ஒரு டீக்கடை போட்டார். செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு வருகிற கூட்டத்தை நம்பிய கடை. மற்ற நாளில் ஈ ஓட்டினார். கடைச் சுவரில் மாதா படம், அந்தோணியார் படம், பக்கத்தில் ஒரு பெரிய கண்ணாடிச் சட்டம். சட்டத்துக்குள் முழுக்க வெள்ளை அட்டை. நடுவில் ஒரே ஒரு தபால்தலை. 2000ஆம் ஆண்டு அஞ்சல் துறை வீர விருது பெற்றவர்களுக்கு வெளியிட்ட தபால்தலைகளில் முல்லாவுக்கும் ஒன்று உண்டு. மூன்று ரூபாய்த் தலை. அதைத் திருநெல்வேலித் தலைமைத் தபால் நிலையம் வரை போய் வாங்கி, அதைப்போல் இருபது மடங்கு பணம் கொடுத்துச் சட்டம் போட்டார். டீ குடிக்கிறவர்கள் கிட்டே போய், மூக்கு கண்ணாடியில் இடிக்க, யாரென்று பார்ப்பார்கள். பார்த்தவனுக்குக் கதை கட்டாயம். கதை கேட்டவனுக்கு டீ ஆறிப்போகும்.

அந்த முக்கு பிளக்ஸைப் பார்த்தபோது எனக்கு நினைவு வந்தது இந்தச் சட்டம்தான்.

கடையில் உட்கார்ந்தால் பெரியப்பா இன்னொன்றும் சொல்வார். உவரியிலிருந்து திசையன்விளை தாண்டிப் போனால் விஜயநாராயணம். அங்கே கடற்படைக்கு ஒரு தளம் உண்டு, ஐஎன்எஸ் கட்டபொம்மன். 1990 அக்டோபரில் தொடங்கியது. கடலே கண்ணுக்குத் தெரியாத செம்மண் காட்டில் கடற்படைத் தளம் எதற்கு என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கடல்தண்ணீர் வானொலி அலைகளை விழுங்கிவிடும். மிகமிகத் தாழ்ந்த அலைவரிசை மட்டும் சில மீட்டர் ஆழம்வரை இறங்கும். அதை அனுப்ப வானளாவிய கம்பங்கள் வேண்டும். நாட்டின் மிக உயரமான கட்டுமானங்களில் அங்குள்ளதும் ஒன்று. நம் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அங்கிருந்துதான் போகிறது. ஆனால் நீர்மூழ்கி அதே வழியில் பதில் சொல்ல முடியாது. அவ்வளவு பெரிய கம்பத்தை அது எங்கே தூக்கிக்கொண்டு போகும்? கேட்டுக்கொள்ளத்தான் முடியும். வெள்ளைக்காரக் கம்பெனியை எதிர்த்து, 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கில் தொங்கிய கட்டபொம்மன், இப்போது எங்கள் பனங்காட்டில் நின்று கடலுக்குள் இருப்பவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறான். பெரியம்மாவுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. "நானும் தெனம் செபமாலையில அதத்தான செய்யுதேன்" என்பாள்.

ஒரு வருடம் பெரியப்பாவை டையூவுக்குக் கூட்டிப்போனேன். திருநெல்வேலியிலிருந்து ஹாப்பா போகும் ரயில். கொங்கணில் ஒவ்வொரு குகைக்குள்ளும் ரயில் நுழையும்போது சிலுவை போட்டுக்கொண்டே வந்தார். அங்கே எத்தனை குகை என்று தெரிந்தவர்களுக்கு அவர் கை என்ன பாடுபட்டிருக்கும் என்று புரியும். இரண்டு ராத்திரி ரயில், ராஜ்கோட்டில் இறங்கி, உனா வழியாக பஸ். டையூவில் இறங்கியதும் அவருக்கு ஊருக்கு வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. போர்ச்சுகீசியர் இருந்த ஊர். வெள்ளைவெளேர் என்று கோயில் முகப்பு, உப்புக்காற்று, மீன் வாடை. எங்கள் முன்னோரை 1530களில் வேதத்துக்குக் கொண்டுவந்ததும் அதே போர்ச்சுகீசியர்தான். "இவனுவ எங்க போனாலும் ஒரே கொத்தன வச்சுத்தான் கட்டிருக்கானுவ" என்றார்.

குக்ரி நினைவிடம் சக்கரதீர்த்தக் கடற்கரைக்குப் பக்கத்தில், சிறு குன்றின்மேல், கடலைப் பார்த்து இருக்கிறது. 1999 டிசம்பரில் திறந்தார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் குக்ரியின் மாதிரி. குஜராத்தில் மது கிடைக்காது, டையூவில் கிடைக்கும். ஆகவே சுற்றுலாக் கூட்டத்துக்குக் குறைவில்லை. ஆட்கள் கப்பலுக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. பெரியப்பாவுக்கு வரவில்லை. அவர் கண்ணாடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். முன்னால் குனிந்து, பின்னால் போய், பக்கவாட்டில் நெற்றியை ஒட்டி. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"கேலி எங்கன இருக்குன்னு பாக்கேன்."

அந்த மாதிரியில் அது எங்கே தெரியும்? கடைசியில் பக்கவாட்டில் ஓரிடத்தில் விரலை வைத்து, "இங்கன இருக்கும்" என்று தானே முடிவுசெய்துகொண்டார். பிறகு கீழே இறங்கி, பாறைகளுக்கு நடுவே அலை வந்துபோகிற இடத்தில் நின்று, பைக்குள்ளிருந்து ஒரு கருப்பட்டி வட்டை எடுத்தார். உடன்குடிக் கருப்பட்டி. இரண்டு ராத்திரியும் தலைமாட்டில் வைத்துக்கொண்டு வந்தது அதைத்தான் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"பதினஞ்சு வருசம் ஆபீசருவளுக்குச் சீனி போட்டுத்தான் டீ குடுத்தேன்" என்று சொல்லிவிட்டு வீசினார். எறும்பு மொய்க்கக்கூடாது என்று சுற்றியிருந்த பனையோலையை மட்டும் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

குக்ரி என்ற பெயரை கடற்படை விடவில்லை. 1989இல் அதே பெயரில் வேறொரு கப்பல் வந்தது. 32 வருடம் ஓடி, 2021 டிசம்பரில் ஓய்வுபெற்றது. அதை அருங்காட்சியகமாக வைக்க டையூவுக்கே கொடுத்துவிட்டார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோல. பேரன் என்ற சொல்லே பெயரன்தானே. பெரியப்பா இருந்திருந்தால் இன்னொரு தடவை ஹாப்பா ரயில் ஏறியிருப்பார், இந்தத் தடவை நிஜமான கேலிக்குள் இறங்கி நின்று பார்க்க.

ஆனால் அவர் முல்லாவுக்குச் செய்த பெரிய மரியாதை பூசையும் இல்லை, கருப்பட்டியும் இல்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. அது ஊரில் எல்லாருக்கும் எரிச்சல் மூட்டிய ஒரு காரியம். சாயங்காலம் கடற்கரைக்குப் போவார். வலை பொத்திக்கொண்டிருக்கும் பையன்களிடம், "ஏல, ஜாக்கெட் எங்க?" என்று ஆரம்பிப்பார். மானியத்தில் கொடுத்த லைஃப் ஜாக்கெட் எல்லா வீட்டிலும் இருக்கும். ஒருவனும் போடமாட்டான். வெயிலில் புழுங்கும், வலை இழுக்கக் கை வராது, எல்லாவற்றுக்கும் மேலே மற்றவன் சிரிப்பான். கடலில் பிறந்தவனுக்கு எதற்குச் சட்டை? வள்ளத்தில் அது தலையணை. வீட்டில் குழந்தைக்கு விளையாட்டுச் சாமான். ஒரு வீட்டில் கோழி அதன்மேல் அடைகாத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பெரியப்பா உடனே கதையைத் தொடங்கிவிடுவார். எரநூத்தி அறுவத்தொண்ணு தட்டிலிருந்து. இருட்டில், எண்ணெய் மிதக்கிற தண்ணீரில், ஜாக்கெட் இருந்தவன் எப்படி, இல்லாதவன் எப்படி என்று. ஒரு கேப்டன் தன்னுடையதைக் கழற்றி இன்னொருவனுக்குக் கொடுத்தான், ஏன் கொடுத்தான், அது என்ன தலையணை என்றா கொடுத்தான் என்று கத்துவார். பையன்கள் அவர் வருவதைத் தூரத்தில் பார்த்ததும் "முல்லா வாறாருல" என்று ஆளுக்கொரு பக்கம் நழுவுவார்கள். கடைசிக் காலத்தில் ஊரில் அவருக்கு முல்லா என்றே பட்டப்பெயர் விழுந்துவிட்டது. கேட்டால் முறைப்பார். உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது.

அவர் சொல்லி எத்தனை பேர் போட்டார்கள்? இரண்டு மூன்று பேர் இருக்கலாம். அதில் ஒருவன் என் சித்தப்பா மகன், அதுவும் பெரியப்பா பார்க்கும்வரைதான்.

பெரியப்பா போனபிறகு பூசைக்குக் கொடுப்பது பெரியம்மாவின் வேலை ஆகிவிட்டது. உபதேசியார் மாறிவிட்டார், புதியவர் இளைஞர், பெயரைத் தடுமாறாமல் வாசிக்கிறார். பட்டியலில் முல்லாவுக்கு அடுத்து பெரியப்பாவின் பெயரையும் சேர்த்துக் கொடுக்கிறாள். இருவருக்கும் சேர்த்து ஒரே காணிக்கைதான் கொடுப்பேன் என்று அடம். போன டிசம்பர் 9 பூசை முடிந்து நானும் அவளும் கடற்கரை வழியாக வந்தோம். சித்தப்பா மகன் தாமதமாகக் கடலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். வாடைக்காற்று. ஜாக்கெட் வீட்டுத் திண்ணையில் ஆணியில் தொங்கியது. பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. போய் அதை எடுத்துவந்து, முழங்கால் தண்ணீரில் சேலை நனைய இறங்கி, வள்ளத்துக்குள் வீசினாள்.

"சரி பெரிம்ம, சரி" என்றான். எடுத்துப் பலகைமேல் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு எஞ்சினை முடுக்கினான். பெரியம்மா இடுப்பில் கைவைத்து நின்றபடியே இருந்தாள். வள்ளம் முதல் அலையைத் தாண்டியதும் அவன் திரும்பிப் பார்த்தான், அவள் இன்னும் நிற்பதைப் பார்த்தான். எழுந்து, ஒரு கையில் சுக்கானைப் பிடித்துக்கொண்டே, மறு கையை ஜாக்கெட்டுக்குள் விட்டான்.